மூன்றாவது புள்ளடி

லண்டனில் கவுன்சில் தேர்தலில் நிற்கப்போகிறேன், கொஞ்சம் உதவிக்கு வாங்கோ என்று யாராவது கூப்பிட்டால், "உங்கள் வார்டில் எத்தனை இடம்?" என்றுதான் முதலில் கேட்பேன். கட்சி, எதிராளி, காசு எல்லாம் அதற்குப் பிறகு. ஓர் இடம் உள்ள வார்டில் வேலை செய்வது ஒரு விதம், மூன்று இடம் உள்ள வார்டில் வேலை செய்வது வேறு விதம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து இறங்கிய பலருக்கு வாக்கு எண்ணும் இடத்தில்தான் வித்தியாசம் பிடிபடுகிறது.

தெரியாதவர்களுக்கு முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். லண்டனின் 32 பரோக்களிலும், அதாவது தனித்தனிக் கவுன்சில் உள்ள நகரப் பிரிவுகளிலும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கவுன்சிலர் இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல். 2022இல் அது மே 5ஆம் திகதி. அதற்கு அடுத்தது 2026 மே 7. பெரும்பாலான வார்டுகளுக்கு இரண்டு அல்லது மூன்று கவுன்சிலர்கள். மூன்று இடம் என்றால் வாக்காளர் மூன்று பேர்வரை புள்ளடி (X அடையாளம்) போடலாம். குறையப் போட்டால் சீட்டு செல்லும், கூடப் போட்டால் செல்லாது. எண்ணி முடித்ததும் கூடுதல் வாக்கு எடுத்த முதல் மூன்று பேர் கவுன்சிலர்கள். கட்சிக்கென்று தனி வாக்கும் இல்லை, விகிதாசாரமும் இல்லை. மான்செஸ்டரில் வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள் இருந்தாலும் வழமையாக ஒரு தேர்தலில் ஒருவரைத்தான் தெரிவார்கள். ஸ்கொட்லாந்தில் 2007 முதல் கவுன்சில் தேர்தலுக்குப் புள்ளடியே கிடையாது. 1, 2, 3 என்று இலக்கம் போட வேண்டும். ஆகவே கிளாஸ்கோவில் இருக்கும் மச்சான் போனில் சொல்லும் யோசனை இங்கே உதவாது.

2022இல் வடமேற்கு லண்டனில் ஒரு மூன்று இட வார்டில் நான் ஓர் அணிக்காகக் கதவு தட்டினேன். எந்தக் கட்சி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அணியில் மூவர்: ஒரு தமிழ் அக்கா, கடை வைத்திருக்கும் ஒரு குஜராத்திக்காரர், ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயர். முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அக்கா நன்றாக வென்றார். குஜராத்திக்காரர் மயிரிழையில் தப்பினார். ஆங்கிலேயர் சில பத்து வாக்குகளால் நான்காவதாக வந்தார். அவர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது எதிர்க்கட்சியின் பழைய கவுன்சிலர். குப்பை எடுக்க வரவில்லை என்றால் எந்தக் கட்சிக்காரரும் முதலில் போன் எடுப்பது அந்த மனுசனுக்குத்தான். அவர் வென்றதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஆனால் அந்த இடம் எங்கள் கையைவிட்டுப் போன விதம் சொல்லப்பட வேண்டியது.

ஏப்ரல் நடுவில் ஒரு தொடர்மாடியில் கதவு தட்டினோம். தமிழ் வீடு. வயதான அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே திறந்தார்.

"தம்பி, எங்கட பிள்ளைக்குப் போட்டாச்சு. தபாலில அனுப்பியும் விட்டாச்சு."

"மற்ற ரெண்டு பேருக்கும் போட்டீங்களா அம்மா?"

"அவையள் ஆரெண்டு எனக்குத் தெரியாதே. ஒண்டு போட்டாக் காணும்தானே?"

காணாது. ஆனால் அதை அந்த நேரம் சொல்லிப் பயனில்லை, உறை தபாலில் போய்விட்டது. அதே பதிலை அந்தக் கட்டடத்திலேயே இன்னும் சில வீடுகளில் கேட்டோம். எல்லோரும் எங்கள் ஆதரவாளர்கள். எல்லோரும் எங்களுக்கு வாக்களித்துவிட்டதாகவே நினைத்தார்கள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது ஊர்த் தேர்தலை நினைத்தால் விளங்கும். இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிச் சின்னத்துக்கு ஒரு புள்ளடி. அதற்குப் பிறகு அதே கட்சியில் மூன்று பேர்வரை விருப்பு வாக்கு. விருப்பு வாக்கு போடாமல் விட்டாலும் கட்சிக்குப் போட்டது கட்சியின் கணக்கில் சேர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தில் வந்தவர்களுக்கு, நமக்குத் தெரிந்த பெயருக்கு ஒரு புள்ளடி போட்டால் மிச்சத்தைக் கட்சி பார்த்துக்கொள்ளும் என்றே தோன்றும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வேறு பழக்கம்: ஒரு இயந்திரம், ஒரு பொத்தான், வேலை முடிந்தது. இரண்டு சாராருக்கும் இங்கே மூன்று புள்ளடியும் மூன்று தனித்தனி வாக்குகள் என்பதை யாராவது உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு. வார்டு முழுக்க எறிந்த துண்டுப்பிரசுரங்களில் "எங்கள் அணிக்கு வாக்களியுங்கள்" என்று பெரிதாகப் போட்டிருந்தோம். அணி என்ற சொல் வாக்குச்சீட்டில் எங்கும் இல்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பேசத்தான் எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். ஒருவருக்கு மட்டும் புள்ளடி போட்டு மற்ற இரண்டையும் வெறுமையாக விட்டால், அது அந்த ஒருவருக்கு நல்லது. ஏனென்றால் மூன்று இடத்துக்கு அவரோடு ஓடுகிறவர்களில் சொந்த அணியின் மற்ற இருவரும் அடக்கம். அவர்களுக்கு வாக்குப் போகாவிட்டால் இவர் மேலே நிற்பார். இந்தக் கணக்குத் தெரிந்த சில ஆதரவாளர்கள் கோயில் வாசலிலும் பிறந்தநாள் விழாவிலும் "அக்காவுக்கு மட்டும் போடுங்கோ, மற்றதை விடுங்கோ" என்று காதோடு காதாகச் சொன்னார்கள். அக்கா சொல்லவில்லை, அவருக்கு அது தெரிந்தபோது நன்றாக ஏசினார். என் கணிப்பில், பாதுகாப்பான இடத்தில் இருக்கிற வேட்பாளருக்காக இப்படிச் செய்வது வெறும் நாசவேலை. அவர் எப்படியும் வெல்வார். அவர் தலைக்கு மேல் குவியும் வாக்கில் ஒன்றுகூடப் பக்கத்தில் தத்தளிப்பவருக்குக் கடன் கொடுக்க முடியாது. வென்றபின் கவுன்சிலில் தனியாக உட்கார்ந்து ஒரு தீர்மானமும் நிறைவேற்றவும் முடியாது.

தவறு தமிழ் வீடுகளில் மட்டும் இல்லை. ஆங்கிலேயரின் தெருவில் அவருக்கும் அவருடைய பழைய நண்பரான எதிர்க்கட்சிக் கவுன்சிலருக்கும் சேர்த்துப் புள்ளடி போட்டவர்கள் நிறைய. மூன்றாவதை யாருக்காவது போட்டார்கள், அல்லது விட்டார்கள். நீளமான, வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்களைத் தாண்டிப் போகிறவர்களும் உண்டு. கதவடியில் அதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள், எண்ணும்போது தெரியும்.

கடைசி இரண்டு வாரத்தில் பேச்சை மாற்றினோம். "எங்களை ஆதரிப்பீங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "உங்களிட்ட மூண்டு வாக்கு இருக்கு, தெரியுமா?" என்று தொடங்கினோம். பாதிப் பேருக்குப் புதுத் தகவல். அது தெரிந்ததும் அவர்களே, "அப்ப மற்றது ஆர்?" என்று கேட்பார்கள். அங்கேதான் மற்ற இருவரைப் பற்றிச் சொல்ல இடம் கிடைக்கும். முடிந்தவரை தமிழ் வீடுகளுக்கு ஆங்கிலேயரை அழைத்துப் போனோம், அவருடைய தெருவுக்கு அக்காவை. மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்த வீடுகளில் அவருக்கு வாக்கு விழுந்தது என்று அடித்துச் சொல்வேன். தொடக்கத்திலிருந்தே அப்படிப் போயிருந்தால் அந்தச் சில பத்து வாக்குகள் வந்திருக்கும்.

இன்னொன்று, துண்டுப்பிரசுரத்தில் மூன்று பெயரையும் வாக்குச்சீட்டில் வரும் ஒழுங்கிலேயே போட வேண்டும், பக்கத்தில் மூன்று புள்ளடியோடு. வாக்குச்சீட்டில் எல்லாக் கட்சிக்காரரும் கலந்து குடும்பப்பெயரின் ஆங்கில அகரவரிசையில் வருவார்கள். ஒரே கட்சியின் மூவரும் ஒன்றாக இருக்க மாட்டார்கள். ஒருவர் உச்சியில், ஒருவர் நடுவில், ஒருவர் அடியில். மேலே இருப்பவருக்குக் கொஞ்சம் கூட விழுவது பல ஆய்வுகளிலும் கண்ட விஷயம். அடியில் இருப்பவரைத் தேடிப் பிடிக்க வாக்காளருக்குக் காரணம் வேண்டும்.

இந்த அகரவரிசையில் நம்மவர்களுக்கென்று தனிச் சிக்கல் இருக்கிறது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப்பெயராக ஏறியிருக்கும். ஊரெல்லாம் ஒரு பெயரில் கூப்பிட, வாக்குச்சீட்டில் முன்னுக்கு நிற்பது அப்பாவின் பெயர். அக்காவின் விஷயத்தில் இதை முதலே பிடித்துவிட்டோம். வேட்புமனுவில், வழமையாக அழைக்கப்படும் பெயரை எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பினால் வாக்குச்சீட்டில் அந்தப் பெயர் வரும். வேட்புமனு நேரம் முடிந்த பிறகு போய் அழுதாலும் மாற்ற மாட்டார்கள்.

வேட்புமனு என்றதும் ஊரில் போலக் கட்டுப்பணம் தேவையா என்று கேட்பார்கள். கவுன்சில் தேர்தலுக்குக் கட்டுப்பணம் இல்லை. அந்த வார்டின் வாக்காளர் இடாப்பில் உள்ள இரண்டு பேரின் கையெழுத்து போதும். முன்பு பத்துப் பேர் வேண்டும். சம்மதப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்து, கட்சி கொடுக்கும் அத்தாட்சிக் கடிதத்தில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் கட்சியின் பெயர், தேர்தலுக்கு 19 வேலைநாள் முன்னதாகப் பின்னேரம் 4 மணிக்குள் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது. இவ்வளவுதான். ஆனால் கடைசி நாளில் போகாதீர்கள். அதே கவுன்சிலில் வேலை பார்ப்பவர் நிற்க முடியாது. கவுன்சில் நேரடியாக நடத்தும் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தாலும் அதே கதைதான். நம்மில் எத்தனை பேர் பள்ளிகளில் வேலை செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆளைப் பிடிப்பதற்கு முன் சம்பளச் சீட்டைக் கொடுப்பது யார் என்று பாருங்கள்.

வாக்குரிமையைப் பற்றி நம்மவர்களிடையே இருக்கும் குழப்பம் இதைவிடப் பெரிது. "எனக்குச் சிற்றிசன்ஷிப் இல்லை தம்பி" என்று கதவைச் சாத்தப் போவார்கள். இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள். விசாவோடு இங்கே வாழும் பொதுநலவாயக் குடிமகன், மாணவராக இருந்தாலும், பதிந்துகொண்டு வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்பதென்றால்தான் நிரந்தர வதிவிட உரிமை வேண்டும். இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. சுவிஸ், நோர்வே கடவுச்சீட்டோடு லண்டனுக்கு வந்து வருடக்கணக்காக வரி கட்டும் தமிழர்களுக்கு இங்கே வாக்கு இல்லை. அந்த நாடுகள் பொதுநலவாயத்திலும் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. பிரான்ஸ், ஜேர்மனிக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 2022இல் உள்ளூர்த் தேர்தலில் வாக்கு இருந்தது. 2024 மே மாதத்திலிருந்து அதுவும் மாறிவிட்டது. 2020 முடிவதற்கு முன்பே சட்டப்படி இங்கே குடியேறி, தொடர்ந்து இருந்தவர்களுக்கு உரிமை நீடிக்கிறது, அதன்பின் வந்தவர்களுக்கு எந்த நாடு என்பதைப் பொறுத்தது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு வாக்கு இருக்கும், தம்பிக்கு இருக்காது. பதிவதற்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 12 வேலைநாள் முன்பு நள்ளிரவு. மார்ச் மாதம் கதவு தட்டுவதன் முக்கிய பயனே இதுதான்.

தபால் வாக்குதான் மூன்று இட வார்டின் உயிர். உறைகள் தேர்தலுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே வீட்டுக்கு வந்துவிடும். நம் வீடுகளில் வந்த அன்றே நிரப்பி அனுப்பிவிடுவார்கள், கடன் இருக்கக் கூடாது என்ற மாதிரி. ஆகவே தபால் வாக்காளர்களின் தேர்தல் நாள் மே மாதத்தில் இல்லை, ஏப்ரலில் இருக்கிறது. மூன்று புள்ளடிப் பேச்சை அவர்களிடம் உறை வருவதற்கு முந்தைய வாரத்தில் பேசி முடிக்க வேண்டும். எங்கள் பட்டியலில் தபால் வாக்காளர்களும் மற்றவர்களும் தெரு வரிசையில் கலந்து கிடந்தார்கள். அடுத்த தேர்தலுக்கு முதல் வேலையாக அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உறைக்குள் வரும் இன்னொரு படிவத்தில் கையெழுத்தும் பிறந்த திகதியும் எழுத வேண்டும். பிறந்த திகதிக் கட்டத்தில் அன்றைய திகதியை எழுதிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கும் பிழை. வயதானவர்கள் விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், படிவத்தில் மகள் சொல்லிக்கொடுத்தபடி ஆங்கிலத்தில் போடுவார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் வாக்கு நிராகரிக்கப்படும். அதைச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் உறையைத் தொடாதீர்கள். "தம்பி, போற வழியில பெட்டியில போட்டுவிடு" என்று அன்பாக நீட்டுவார்கள், வாங்கக் கூடாது. முன்பு அது நன்னடத்தை விதி. 2024 மே முதல், பிரசாரம் செய்பவர் தன் நெருங்கிய குடும்பத்தாரோ தான் பராமரிக்கும் ஒருவரோ அல்லாதவரின் தபால் வாக்கைக் கையாள்வது குற்றம். வாக்களிப்பு நிலையத்தில் ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடியதும் தன்னுடையதோடு இன்னும் ஐந்துதான், அதற்கும் படிவம் நிரப்ப வேண்டும்.

உபசாரத்தையும் சொல்ல வேண்டும், நம் பழக்கம் இங்கே இடிக்கும். வாக்காளர் நமக்குத் தேத்தண்ணீர் தரலாம். வாக்கைத் திருப்பும் நோக்கத்தோடு வேட்பாளர் வாக்காளருக்குச் சாப்பாடோ குடிவகையோ கொடுத்தால் அது தேர்தல் குற்றம். யாரோ உற்சாகத்தில் "கூட்டத்துக்குக் கொத்து போடுவம்" என்றார், நிறுத்தினோம். கோயில்களும் அப்படித்தான். பதிவுசெய்த அறக்கட்டளை ஒரு வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது. எல்லாக் கட்சியையும் கூப்பிட்டுப் பேசவைக்கலாம். பூசை முடிந்ததும் ஒலிவாங்கியில் ஒருவரை மட்டும் வாழ்த்தினால் கோயிலுக்குத்தான் வில்லங்கம்.

காசு: 2022இல் ஒரு வேட்பாளருக்கான உச்சவரம்பு 806 பவுண், அதோடு வாக்காளர் ஒருவருக்கு 7 பென்ஸ். பத்தாயிரம் வாக்காளர் என்றால் 1,506 பவுண். ஆனால் மூவரும் ஒரே துண்டுப்பிரசுரத்தில் சேர்ந்து நின்றால் ஒவ்வொருவரின் வரம்பிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆளுக்கு 1,004 பவுண்தான். மூன்று இட வார்டுக்காரர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அச்சிட்ட எதிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும், யாருக்காக என்பதும் இருக்க வேண்டும்.

தேர்தல் நாளைப் பற்றி அதிகம் இல்லை. காலை 7 முதல் இரவு 10 வரை. வாசலில் நிற்கும் நம் ஆள் வாக்காளர் இலக்கத்தைக் கேட்கலாம், சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. 2022இல் லண்டனில் அடையாள அட்டை தேவைப்படவில்லை. 2024 மேயர் தேர்தலிலிருந்து படத்துடன் கூடிய அட்டை வேண்டும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு செல்லும், முகம் பொருந்தினால் காலாவதியானதும் செல்லும். முதியோரின் இலவசப் பயண அட்டையான ஃப்ரீடம் பாஸும் செல்லும். ஒன்றும் இல்லாதவர் தேர்தலுக்கு 6 வேலைநாள் முன் மாலை 5 மணிக்குள் இலவசச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

வாக்கு எண்ணும் இடத்தில்தான் பாடம் கண்ணுக்குத் தெரியும். முதலில் சீட்டுகளின் தொகையைச் சரிபார்ப்பார்கள். பிறகு ஒரே கட்சிக்கு மூன்று புள்ளடியும் விழுந்த சீட்டுகளைத் தனியாக அடுக்குவார்கள். அவை கட்டுக்கட்டாக வேகமாக நகரும், அங்கே எங்கள் மூவரும் ஒன்றாகவே ஏறினோம். மிச்சம் கலப்புச் சீட்டுகள்: ஒன்று மட்டும் போட்டவை, இரண்டு போட்டவை, மூன்று கட்சிக்கும் பகிர்ந்தவை. ஒருவர் சீட்டைப் பார்த்துப் பெயர் சொல்ல, மற்றவர் பெரிய தாளில் கோடு போடுவார். ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. அந்த மேசையில் நின்றுதான் அக்காவின் வரிசை நீண்டுகொண்டே போவதையும் ஆங்கிலேயரின் வரிசை நகராமல் நிற்பதையும் பார்த்தேன். பழைய கவுன்சிலரின் வரிசை அக்காவோடு சேர்ந்து நீண்டது.

அங்கே நிற்கும் முகவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கட்டுச் சீட்டுகளின் பக்கம் கும்பலாக நிற்காதீர்கள்; கோடு போடும் மேசைக்கு ஆளை அனுப்புங்கள். களைத்த கை ஒரு வரிசை மாறிக் கோடு போடுவது அங்கேதான். சீட்டைத் தொடக் கூடாது, ஆனால் அந்த இடத்திலேயே வாய் திறந்து சொல்லலாம். நெருக்கமாக இருந்தால் மீள எண்ணக் கேட்கலாம். நாங்கள் கேட்டோம், எண்ணினார்கள், முடிவு மாறவில்லை. வாக்குகள் சமமாக வந்தால் திருவுளச்சீட்டுத்தான். 2017இல் நோர்தம்பலன்ட் கவுன்சிலில் ஓர் இடம் சமமாகி, குச்சி இழுத்துத் தீர்த்தார்கள். கொன்சர்வேட்டிவ் கட்சிக்குக் கவுன்சிலில் பெரும்பான்மை கிடைக்காமல் போனது அந்தக் குச்சியால்.

முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. முடிவு வந்து 35 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும், தோற்றவரும் ஒரு பென்ஸ் செலவழிக்காதவரும்கூட. அடையாளமிட்ட இடாப்பின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். யாருக்குப் போட்டார் என்று அதில் இருக்காது, போட்டாரா என்று இருக்கும். "கட்டாயம் வருவேன்" என்று சொல்லிவிட்டு வராத தெருக்கள் அதில் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் இடைத்தேர்தல். மூன்று கவுன்சிலர்களில் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அதே வார்டில் ஓர் இடத்துக்கு மட்டும் வாக்கெடுப்பு நடக்கும். அப்போது வாக்காளருக்கு ஒரே ஒரு புள்ளடிதான், இரண்டு போட்டால் சீட்டு செல்லாது. நாம் மாய்ந்து மாய்ந்து மூன்று போடப் பழக்கிய அதே வீடுகளுக்குத் திரும்பப் போய், இந்த முறை ஒன்றே ஒன்று போடுங்கோ என்று சொல்ல வேண்டும். அதற்கும் தபால் உறை வருவதற்கு முந்தைய வாரம்தான் நேரம்.